ஊட்டும் கையும் பொய்யும்

இப்பொருள் பற்றி எழுதப் போவதாக ஆசிரிய நண்பர் ஒருவரிடம் கூறினோம். அவர் சிரித்தார். "உண்ண இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, உண்ண மறுக்கும் பிள்ளையைப் பற்றியா எழுதப் போகிறீர்?" என்றார். கேள்வி நியாயமானதே. எனினும், அவ்விரண்டுக்கும் இடையே அவர் எண்ணிய அளவு தூரமில்லை என்பதை எம் வீட்டு அடுப்படியிலேதான் நாம் கற்றுக்கொண்டோம்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலம். பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. முட்டை விலையும் ஏறிக்கொண்டே சென்றது. அத்தகைய நாளில் அரிதாய்க் கிடைத்த முட்டையை எம் நான்கு வயது மகள் "வாய் கடிக்குது" என்று ஒதுக்கியபோது, அது எமக்குக் குற்றமாகவே தோன்றிற்று. செல்லம் என்றோம், பிடிவாதம் என்றோம். முடிவில் ஒருநாள் அவித்த முட்டையை மசித்துச் சோற்றுக் கவளத்துள் ஒளித்து, "இதில் முட்டை இல்லையம்மா" என்று சொல்லி ஊட்டினோம். சற்று நேரத்தில் உதடு வீங்கிற்று, உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, மூச்சு இழுத்தது. வைத்தியசாலையில் ஊசி மருந்தேற்றிப் பிள்ளையைக் காப்பாற்றினர்.

உணவிலுள்ள புரதத்தைப் பகையென்று பிழையாகக் கொண்டு உடலின் காவல் போர் தொடுப்பதே இவ்வகை ஒவ்வாமை. 1906இல் வியன்னா நகர வைத்தியர் பிர்க்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். எம் மக்களுக்கோ அனுபவம் பழையது. "எனக்கு இறால் கிரந்தி" என்று விருந்தாளி கூறினால் எவரும் அவருடன் வாதாடுவதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி தனியே காய்ச்சுகிறோம். விரதகாரருக்குச் சட்டிபானையே வேறு. இத்தனைக்கும் இடமுள்ள அடுப்படியிலே பிள்ளையின் சொல்லுக்கு மாத்திரம் ஏன் இடமில்லாமற் போயிற்று? வளர்ந்தவர் மறுத்தால் காரணம் என்கிறோம். சிறியவர் மறுத்தால் குணம் என்கிறோம்.

பற்றாக்குறையே எம்மைப் பொய் சொல்ல வைத்தது என்று வாதிடலாம். அது ஓரளவு உண்மையுங்கூட. ஆனால் அப்பொய்யின் விலையைச் செலுத்தியவள் பிள்ளை. அதன் பின்னர் அவள் ஒவ்வொரு கவளத்தையும் பிரித்துப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். பருப்பு வேண்டாம், பூசணி வேண்டாம், நேற்று விரும்பி உண்ட இடியப்பமும் வேண்டாம். அயலார் "தெரிஞ்சு தின்னுற பிள்ளை" என்றனர். அவளுக்கு அதைக் கற்பித்தவர்கள் நாமே.

மறுப்பதையெல்லாம் நஞ்சென்று விட்டுவிடவும் இயலாது. கீரையை ஒதுக்குவது வேறு, முட்டையை ஒதுக்குவது வேறு. அவ்வேறுபாட்டை அறியச் சோதனை வேண்டும். நிபுணரைக் காண வேண்டும். அதற்கு பஸ் கட்டணமும் ஒருநாட் கூலியும் இழக்க வேண்டும். மாதச் சம்பளம் பெறும் எமக்கு அது சிரமம். தோட்டத்துக்கோ கூலிக்கோ செல்லும் தாய்க்கு? நோய் வர்க்கம் பார்ப்பதில்லை; அதனை அறியும் வசதி பார்க்கிறது. முட்டைக்கு ஈடாக மீனும் பயறும் கொடுங்கள் என்று சொல்வது எளிது. அவற்றையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

செல்வ நாடுகளில் இவை யாவும் தீர்ந்துவிட்டன என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல், உணவில் எள் இருந்தால் உறையிலே குறிப்பிட வேண்டும் என்பது சட்டமாயிற்று. எள் கலவாதபடி யந்திரங்களைத் துப்புரவு செய்வதற்குச் செலவாகும். ஆகவே, பாண் தயாரிப்போர் சிலர், முன்பு எள்ளே சேராத பாணிலும் சிறிது எள்மாவைச் சேர்த்து, 'எள் உண்டு' என்று அச்சிட்டுவிட்டனர்! அச்சிட்டது உண்மைதான். எள் ஒவ்வாத பிள்ளைக்கு இருந்த பாணும் இல்லாமற் போயிற்று. ஆகவே உண்மையைச் சொல்லிவிட்டால் மாத்திரம் கடமை முடிந்ததென்று நாமும் கருதுவதில்லை. முட்டை பொரித்த சட்டியிலே மகளுக்குச் சமைப்பதில்லை, அகப்பையும் வேறு.

இப்பொழுது உணவில் என்ன உள்ளதென்று முதலிற் சொல்லிவிடுகிறோம். அவள் பார்க்கலாம், மணக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் மன்றாடுவதில்லை, மறுநாள் மறுபடியும் வைக்கிறோம். சில நாட்கள் வெறுஞ்சோற்றோடே எழுந்துவிடுவாள். அந்நாட்களில் பழைய பொய் நாக்கின் நுனிவரை வருவதுண்டு.

கடந்த விடுமுறையில் வீட்டிலே ஒடியற் கூழ் காய்ச்சினோம். பானையை எட்டிப் பார்த்து, "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்றாள். ஒடியல்மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்று ஒன்று விடாமற் சொன்னோம். முழுவதையும் கேட்டாள். பின்னர் ஒரேயொரு பலாக்கொட்டையை எடுத்து, மணந்து பார்த்து, வாயிலிட்டுக்கொண்டாள்.