எழுத்திலிருந்து திரைக்கு: தற்சார்பும் கடப்பாடும்

கதை எழுதத் தொடங்கும் படைப்பாளிக்குத் தாளும் எழுதுகோலும் போதும்; முயற்சி பிழைத்தால் இழப்பு அவருக்கே. அவரே தம் கதையைத் திரைப்படமாக்க முற்படும்போது பிறர் உழைப்பும் பிறர் பொருளும் அம்முயற்சிக்குள் வந்துவிடுகின்றன. அந்நிலையில் படைப்பாளியின் தற்சார்பு என்பது யாது?

ஜெயகாந்தன் (1934–2015) தம் புதினமான ‘உன்னைப்போல் ஒருவன்’ என்பதைத் தாமே இயக்கினார். சென்னைச் சேரி வாழ்வைக் காட்டிய அப்படம், 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படமெனச் சான்று பெற்றது. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் (1933–2024) தம் சிறுகதையொன்றை ‘நிர்மால்யம்’ எனத் தாமே தயாரித்து இயக்கினார். அது 1973ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வுபெற்றது. வறுமையுற்ற வெளிச்சப்பாடு ஒருவரின் வீழ்ச்சியே அதன் பொருள்.

இவ்விரு படங்களும் வறியோர் வாழ்வை அழகுபடுத்திக் காட்டவில்லை. இந்நேர்மையையே தற்சார்பு என்கிறோம். ஆயின் இது பாதி உண்மையே. இன்று தொடங்கும் இளம் இயக்குநர், வறியோரைப் பற்றிய படத்திற்கு விளக்குச் சுமப்பவரிடம் ‘கலைக்காக’க் கூலியின்றி உழைக்கக் கேட்பாராயின், படம் கண்டிக்கும் சுரண்டல் படப்பிடிப்பிலேயே நிகழ்கிறது. அறிமுக வாய்ப்பே ஊதியம் என்பாரும் உளர். இழப்பை அறிந்து, மறுக்கும் உரிமையோடு ஏற்பது தோழமை. வேறு வழியின்றி ஏற்பது தோழமையாகாது.

எனவே பிறர் ஆணைக்கு உட்படாமை மட்டுமே தற்சார்பன்று. தம் துணிவின் விலையைப் பிறர் தலையில் ஏற்றாமையும் அதன் கூறாகும். இதனை ஏற்பவர் தம் தொடக்கக் காலத்தில் படமெடுக்கக் காத்திருக்க நேரலாம். அக்காத்திருப்பிலும் எழுத்து அவருக்குத் திறந்தே உள்ளது.