தற்சார்பின் எல்லை

பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதைப் பெருமை என உலகம் போற்றுகிறது. அப்பெருமைக்கு எல்லை உண்டா என்பது ஆராயத்தக்க வினா. பெரிய தத்துவ நூல்களைப் புரட்டாமலே, ஓடாமல் நின்றுவிட்ட ஒரு காரை முன்வைத்தும் இவ்வினாவை எழுப்பலாம்.

சாங்கி வட்டாரத்தில் தரைவீடு ஒன்றில் வாழும் ஒருவர், காலையில் தம் காரின் சாவியைத் திருப்புகிறார் என்று கொள்வோம். 'டக்' என்ற ஒலி எழுகிறது; இயந்திரம் சுழலவில்லை. அவர் காரைப் பட்டறைக்கு அனுப்பலாம். அல்லது பழுதான ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தாமே கழற்றி, வேறொன்றைப் பொருத்தலாம். எது தக்கது?

தாமே செய்ய முனைபவர் முதலில் கற்க வேண்டியது பொறுமை. சாவியைத் திருப்பும்போது விளக்குகள் மிகவும் மங்கினால், குறை பேட்டரியில் இருக்கக்கூடும். அதன் முனைகளில் படிந்த அழுக்கும் மின்சாரத்தைத் தடுக்கும். விளக்குகள் ஒளி குன்றாமல் எரிய, ஒலி மட்டும் எழுந்தால் ஸ்டார்ட்டரின் மேல் ஐயம் வலுக்கும். ஆராயாமல் நல்ல உறுப்பைக் கழற்றி எறிபவர், விசாரியாமல் தண்டிக்கும் அரசனை ஒப்பர். நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவம் என்று திருக்குறள் வகுத்த நெறி இங்கும் பொருந்தும்.

அடுத்துக் கற்க வேண்டியது, அஞ்சத்தக்கவற்றிற்கு அஞ்சும் அறிவு. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் கடப்பது. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் நீக்காமல் அங்கே ஸ்பேனரை வைப்பது தீப்பொறியை வரவழைப்பதாகும். ஜாக்கி ஒன்றையே நம்பிக் காரின் அடியில் படுப்பதைத் துணிவு எனல் ஆகாது, அது பேதைமை. தளர்வாக முடுக்கிய கம்பி பின்னொரு நாள் தீயையும் விளைவிக்கலாம். அக்காரில் மனைவியும் மக்களும் அமர்வர். அது செல்லும் சாலையில் அயலாரும் நடப்பர். எனவே, தன் கையால் செய்யும் வேலை தன்னோடு முடிவதில்லை.

வேலையைச் செவ்வனே முடித்தவர், "யார் உதவியுமின்றிச் செய்தேன்" என்று கூறினால் அது முழு உண்மையாகுமா? சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதற்கு முன்னர், இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை எழுப்ப வேண்டியிருந்தது. அது எதிர்த்து உதைத்ததால் கை முறிந்தோர் உண்டு. தனி மனிதன் இன்று எளிதாகக் கையாளும் கருவிக்குப் பின்னே, பலருடைய துன்பமும் சிந்தனையும் நிற்கின்றன.

சாங்கி மண்ணே இதற்கு மற்றொரு சான்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியரிடம் இங்குச் சிறைப்பட்டிருந்த போர்க்கைதிகள், இயந்திரம் நீக்கப்பட்ட லாரிகளின் அடிச்சட்டங்களைக் கயிறு கட்டி இழுத்து விறகு முதலியவற்றைக் கொண்டுவந்தனர். ஒருவர் தனித்து அசைக்க இயலாததைப் பலர் கூடி நகர்த்தினர். இயந்திரம் இல்லாதபோதுதான், அது எத்தனை பேருடைய தோளுக்கு ஈடாக நின்றது என்பது புலப்படுகிறது.

ஸ்டார்ட்டரின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் தன் ஆற்றலால் ஓடுவது. ஆயினும், அதன் முதற் சுழற்சி பிறிதொன்று தந்தது. சில நொடிகள் சுழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் விலகிக்கொள்கிறது. விலகாமல் பற்றியே நின்றால் அதுவே சிதையும். நல்லாசிரியர் மாணவருக்குச் செய்யும் உதவியும் இத்தகையதன்றோ?

ஆகவே, தற்சார்பு என்பது பெற்ற உதவியைப் பொறுப்புள்ள உழைப்பாக மாற்றிக்கொள்ளும் பண்பாகும். அறிந்த வேலையைத் தானே செய்வது அதற்கு அழகு. அறியாதபோது பட்டறைத் தொழிலாளியை நாடி, அவர் திறமைக்குரிய கூலியை மனமுவந்து தருவதும் அதற்கு இழுக்காகாது.