கருணையா, கடனா?

துன்புறும் உயிருக்கு இரங்கி உதவுதல் கருணை. நம்மையன்றி வாழ இயலாதபடி ஓர் உயிரைப் பழக்கிவிட்டு, பின் அதற்கு உதவுதல் கருணையன்று, கடன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உலகில் பலர். அம்மயக்கத்தைத் தெளிவிக்க, வட அமெரிக்கப் பறவையொன்றின் செய்தி உதவும்.

ஆங்கிலத்தில் 'பர்ப்பிள் மார்ட்டின்' எனப்படும் ஊதாத் தகைவிலான், அந்நாட்டுத் தகைவிலான் குருவிகளுள் மிகப் பெரியது. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவிற் கழித்து, இளவேனிலில் வடக்கே திரும்பி, கூட்டமாகக் குஞ்சு பொரிப்பது. முன்னாளில் மரங்கொத்தி குடைந்த பொந்துகளே அதன் இல்லமாயிருந்தன. அந்நாட்டு ஆதிக்குடிகள் சிலர் சுரைக்குடுக்கைகளைக் குடைந்து கம்பங்களில் தொங்கவிட்டனர். பின்வந்த குடியேறிகளும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். விளைவு யாது? ராக்கி மலைகளுக்குக் கிழக்கே அப்பறவை இன்று ஏறக்குறைய முற்றிலும் மனிதர் அமைத்த கூடுகளையே நம்பி வாழ்கிறது.

கூடு அமைத்தோருட் பலர், இனப்பெருக்கக் காலத்தில் ஐந்து அல்லது ஏழு நாட்களுக்கொருமுறை கூடுகளைக் கீழிறக்கி, முட்டை இத்தனை, குஞ்சு இத்தனை என ஏட்டிற் பதிவர். தோட்டத்துச் செக்ரோல் எழுதும் எனக்கு ஏட்டின் இயல்பு தெரியும். பெயர் ஏட்டிலிருக்க, ஆள் காய்ச்சலில் கிடப்பதுண்டு. எண்ணுதல் மட்டும் காவலாகாது. ஈரமான கூட்டைக் கண்டு, அதனை அகற்றி, உலர்ந்த மரச்சீவல் இடுபவனே காவலன். குஞ்சுகள் ஏறத்தாழ 28 நாட்களிற் பறக்கும். 22 நாட்களுக்குமேல் கூட்டைத் திறந்தால் அஞ்சி முன்னரே குதித்துவிடக்கூடும். ஆதலின், கை வைப்பது போலவே கை எடுப்பதும் கடமையாகும்.

இனி, ஒரு கேள்வி. சிட்டுக்குருவிகள் இக்கூடுகளிற் புகுந்து, தகைவிலானின் முட்டைகளை உடைத்து இடம்பிடிப்பதால், காவலர் அவற்றை விலக்குகின்றனர். சிட்டும் ஓர் உயிரன்றோ? ஆம். அன்றியும், 1850களில் ஐரோப்பாவிலிருந்து அதனை நியூயார்க்கிற்குக் கொண்டுவந்து விட்டவன் மனிதனே. தானாக வாராத அதன்மேற் குற்றமென்ன? ஆகவே, அதனை விலக்குவோன் தன்னை நீதிமானெனக் கருதலாகாது. முட்டையிடுமுன்பே அதன் வைக்கோலை அகற்றிவிடுதல் கொடுமையிற் குறைந்த வழி. இடைவிடாது கண்காணிப்பவனுக்கே அது கைகூடும். அசட்டையாயிருப்பவன் பிற்பாடு கொடுமை செய்ய நேரும்.

'கொசுவைத் தின்பதால் காக்கிறோம்' என்பாரும் உளர். பகலில் உயரப் பறந்து பூச்சி பிடிக்கும் அப்பறவையின் உணவிற் கொசு மிகச் சொற்பமே. பயன் பொய்த்தால் கடனும் பொய்க்குமோ? பொய்க்காது. கடன் பிறந்தது அதன் பயனால் அன்று; நம் செயலால்.

தம் நிழலையே நம்பிப் பிறர் வாழும்படி செய்தோர், வீட்டுத் தலைவராயினும் தோட்ட முதலாளியாயினும், 'யாம் கொடுத்தோம்' எனச் செருக்குதல் தகாது. கொடுத்ததற்கு நன்றி கேட்குமுன், கொடுக்க வேண்டியதில் எஞ்சியது எவ்வளவென்று தம் மனத்தையே கேட்பாராக.