கடல் கடந்தவரும் அண்ணாமலையும்

கடற்பயணத்தைச் சாதியிழப்புக்குரிய குற்றங்களுள் ஒன்றாகப் போதாயன தர்மசூத்திரம் வைத்தது. ஆயினும் 1834 முதல் மொரீஷியசுக்கும், 1860 முதல் நட்டாலுக்கும், பின்னர் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்தும் பலர் போயினர். 1876–78 பஞ்சத்தைக் கண்ட மண்ணில் சாத்திரத் தடை எவ்வளவு தூரம் செல்லும்?

தலத்தை விட்டகன்றவருக்கு அருள் உண்டா என்பதே இதில் எழும் சமயக் கேள்வி. முக்திக்குத் தில்லையைத் தரிசிக்க வேண்டும், ஆரூரில் பிறக்க வேண்டும், காசியில் இறக்க வேண்டும்; அண்ணாமலையை நினைத்தாலே முக்தி என்பது சைவ மரபு. முதல் மூன்றும் உடல் அங்கே இருப்பதைக் கேட்கின்றன. நான்காவது கேட்பதில்லை. திருஞானசம்பந்தர் கடலைக் கடக்காமல் இராமேசுவரத்திலிருந்தே ஈழத்துத் தலங்களைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். தூரம் வழிபாட்டுக்குத் தடையில்லை என்பதற்கு அதுவும் சான்று.

ஆனால் அண்ணாமலையில் மலையே இலிங்கம். கோயிலை நட்டாலின் டர்பனில் கட்டலாம்; ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கட்ட முடியாது. புலம்பெயர்ந்தோர் பெரும்பாலும் மாரியம்மனையும் முருகனையும் நாட்டியதற்கு ஊர்த்தெய்வப் பற்றே முதற்காரணம். அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் கார்த்திகை விளக்கு மட்டும் மலையின்றியும் வீடுகளில் ஏறியது.

1896-இல் வந்து 1950-இல் மறையும்வரை திருவண்ணாமலையை நீங்காத ரமண மகரிஷியோ, அருணாசலம் எனும் அண்ணாமலை உள்ளிருக்கும் ஆன்மாவே என்றார். அக்கொள்கைப்படி, கப்பலேறிய கூலி எதையும் விட்டுச் செல்லவில்லை.