என்ஜினுக்குப் பாவம் ஒட்டுமா?

பி.எம்.டபிள்யூ. ஆர்75-இன் படத்தை ராத்திரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர்கள். வி வடிவ என்ஜினில் பின்னால் இருக்கும் சிலிண்டருக்கு முன்னது சூடாக்கிய காற்றுதான் மிச்சம். இதில் இரண்டுக்கும் சமபங்கு. பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, ஷாஃப்ட். பாலைவன மணல் செயினுக்குள் புகுந்து அரைக்கும் தொல்லை இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை. அப்புறம்தான் சைட்காரில் இருக்கும் எம்.ஜி.34 இயந்திரத் துப்பாக்கி கண்ணில் படுகிறது. ரசித்ததற்கே கொஞ்சம் கூசுகிறது.

கத்தி காயும் நறுக்கும், கழுத்தும் அறுக்கும், கத்தி மேல் என்ன தப்பு என்பார்கள். ரொம்ப நாள் எனக்கு இந்த வாதம் வசதியாக இருந்தது. இந்த என்ஜினின் பூர்வகதையும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமான என்ஜின் செய்யக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடுத்தது. விமான என்ஜின்களை வடிவமைத்துக்கொண்டிருந்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் மோட்டார்சைக்கிள் பக்கம் வந்தார். 1923-இல் ஆர்32 வந்தது: 494 சி.சி., எட்டரைக் குதிரைத் திறன். போருக்குப் போட்ட தடையில் பிறந்த பிள்ளை.

ஆனால் ஆர்75 பட்டாளத்துக்கென்றே செய்த வண்டி. சைட்கார் சக்கரத்துக்கும் விசை, பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல், ரிவர்ஸ் கியர், நடந்துபோகும் சிப்பாய்களோடு ஊர்ந்து வரத் தனியாகக் கியர்கள். படையெடுப்பு என்ற நோக்கம் கியரின் பற்களிலேயே இருக்கிறது. இதைக் காய் நறுக்கும் கத்தி என்று எப்படிச் சொல்வது? வாள்தான்.

அப்படிச் சொல்லி முடித்துவிடலாம் என்றால் ரஷ்யா குறுக்கே வருகிறது. ஆர்75-க்கு மூத்தது ஆர்71; அதைப் பார்த்து சோவியத் யூனியன் செய்தது எம்-72. 1941-இல் ஹிட்லரின் படை மாஸ்கோவை நெருங்கியபோது அந்தத் தொழிற்சாலையைப் பெயர்த்து உரால் மலைக்கு அப்பால் இர்பிட்டுக்குக் கொண்டுபோனார்கள். பீர் காய்ச்சிய கட்டடத்தில் எதிரியின் என்ஜின் தயாரானது, எதிரியைத் தடுக்க. அமெரிக்காவும் சளைக்கவில்லை. ஹார்லி அதே பாணியில் எக்ஸ்.ஏ. என்று 1942-இல் ஆயிரம் வண்டி செய்தது. அவை போர்முனைக்குப் போகவே இல்லை. படையெடுத்தவனுக்கும் தடுத்தவனுக்கும் அதே சிலிண்டர்கள். எம்-72-இன் வம்சத்தில் வந்த உரால் வண்டிகள் சிலவற்றில் சைட்கார் சக்கரத்துக்கு விசை உண்டு, ரிவர்ஸ் கியரும் உண்டு. கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காடு பார்க்கப் போகிறார்கள். என் வாள் வாதம் பாதி ஒடிந்துவிட்டது.

மீதிப் பாதியை விட மனம் வரவில்லை. மியூனிக் அருகே அல்லாக்கில் அதே நிறுவனம் போர் விமான என்ஜின்கள் செய்தது, தாஹாவ் வதைமுகாமின் கைதிகள் ஆயிரக்கணக்கானோரை வேலை வாங்கி. எந்த என்ஜின் வரைபடத்திலும் அந்தக் கைகள் தெரியாது. தெரியாததால்தான் என்னால் ரசிக்க முடிகிறதோ என்னவோ.

இப்போதெல்லாம் படத்தைத் திறந்தால் முதலில் சைட்காரில் உட்கார்ந்திருப்பவனின் முகத்தைப் பார்க்கிறேன். சின்னப் பையன். பார்த்துவிட்டு மறுபடியும் என்ஜினுக்குத்தான் வருகிறேன்.