கனவானின் முகம் எங்கே?

ஆடுகிறாள் அணங்கு! ஒற்றைக் காலில் நின்று, கைகளை விரித்து, மேடையின் ஒளிவெள்ளத்திலே மிதக்கிறாள். கண்டோர் களிக்கின்றனர். கண்ணைச் சற்றே பின்னால் செலுத்துங்கள். அங்கே கறுப்புக் கோட்டு அணிந்த ஆடவன் ஒருவன் நிற்கிறான். உடல் தெரிகிறது, தலை தெரியவில்லை. காட்சித்தட்டி மறைத்துவிட்டது!

பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா (1834–1917) 1876ஆம் ஆண்டளவில் தீட்டிய 'விண்மீன்' எனும் ஓவியம் இது.

யார் அந்த ஆடவன்? பாரிஸ் ஆப்பரா அரங்குக்குச் சந்தா கட்டிய சீமான்களில் ஒருவன். மேடைக்குப் பின்னால் நடனப் பெண்கள் கூடும் கூடத்திலே நுழைய, அவர்களுக்குத் தனி உரிமை. கலையை வளர்க்கவா சென்றனர்? வறுமைக்கு விலை பேசவே பலர் சென்றனர். 'சுண்டெலிகள்' என அழைக்கப்பட்ட பயிற்சிச் சிறுமியரிலே பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பெண்கள். உழைப்போ கடுமை; கூலியோ சொற்பம். பணக்கார 'ஆதரவாளர்' கிடைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை!

அவர்களில் ஒருத்தி மாரி வான் கோத்தெம். சலவைத் தொழிலாளியின் மகள். அவளை மாதிரியாக வைத்து, 'பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி' என்ற மெழுகுச் சிலையைச் செய்தார் டெகா. 1881ஆம் ஆண்டுக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது சிலை. சீறினர் விமர்சகர் சிலர். குரங்கு முகம் என்றனர். தீயொழுக்கத்தின் முத்திரை முகத்திலேயே தெரிகிறது என்றனர். மண்டையையும் தாடையையும் அளந்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுவிடலாம் என்ற போலி அறிவியல் உலவிய காலம் அது. தலையெழுத்து என்ற பழைய பொய்க்கு, ஆய்வுக்கூட அங்கி மாட்டிவிட்டனர்!

சிறுமியின் முகத்திலே குற்றம் தேடியவர்கள், கோட்டுக்காரனின் முகத்தைத் தேடினரா? 1882இல் அரங்கம் மாரியை வேலையிலிருந்து நீக்கிற்று. டெகா மறைந்தபின் சிலைக்கு வெண்கல வார்ப்புகள் பல எழுந்தன. அருங்காட்சியகங்கள் அவற்றைப் போற்றுகின்றன. உயிருள்ள மாரிக்கு அந்த மதிப்பில் ஒரு துளியேனும் கிட்டியதா?

டெகா சீர்திருத்தக்காரர் அல்லர். அதே கண்காட்சியிலே 'குற்றவாளி முகங்கள்' என்ற படங்களையும் வைத்தவர். 1894இல் தொடங்கிய டிரைபஸ் வழக்கிலே, யூத வெறுப்போர் பக்கம் நின்றவர். நெஞ்சிலே குறையுண்டு, ஆயினும், மேடைக்குப் பின்னால் கண்டதை அவர் கை மறைக்கவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டுவோம். ஆனால், கண்டதைக் காட்டுவதோடு கடமை முடிந்ததா? காட்டுவது பாதி அறம். ஏன் இந்த நிலை என்று கேட்பது மறுபாதி. அந்த மறுபாதியை அவர் செய்யவில்லை. அது பார்ப்போரிடம் விடப்பட்டிருக்கிறது.

தோழர்களே! ஒழுக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஆடுபவளின் முகத்தையே அளக்கிறது சமுதாயம். விலை கொடுத்தவனுக்குக் கனவான் என்ற பட்டம்; விலைப்பட்டவளுக்கு இழிமகள் என்ற வசை! இந்தத் தராசு நேரானதா? தட்டியை விலக்குங்கள். அந்தத் தலையும் வெளிச்சத்துக்கு வரட்டும். அதற்குப் பின் பேசுவோம், ஒழுக்கத்தைப் பற்றி!