நோயை மறைக்காதீர்கள்: அரிய நோய்களும் நம் பொறுப்பும்

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



2008 முதல் பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளை அரிய நோய் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதைப் பற்றி இந்த ஜும்ஆவில் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் செய்த தவறுதான் அது.

முன்பு வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். மக்தபில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஓதினான். ஸஜ்தாவிலிருந்து எழும்போது கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, மெல்ல நிமிர்வான். "தொழுகையில் என்ன சோம்பேறித்தனம்?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அதட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு வருடம் கழித்து அவன் தந்தை வந்து அழுதார். டுஷேன் தசைச்சிதைவு நோய். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் மரபணு நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். நான் சோம்பல் என்று அதட்டியதுதான் அதன் முக்கிய அறிகுறி! "ஏன் முன்பே டாக்டரிடம் காட்டவில்லை?" என்றேன். "இவனுக்கு மேலே மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு ஹஸ்ரத். வெளியே தெரிஞ்சா யார் சம்பந்தம் பேச வருவாங்க?" என்றார்.

அன்பானவர்களே! இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. வெளியில் சொல்ல வெட்கப்படும் நோய். ஆனாலும் நபி (ஸல்) அவர்களிடம் சொல்லி, எப்படித் தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று வழி காட்டினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஒரு ஸஹாபி தன் நோயைச் சொன்னார். இன்றுவரை உலகத்து நோயாளிகள் எல்லோருக்கும் சலுகை கிடைத்தது.

அரசாங்க விஷயமும் அப்படித்தான். 1995 சட்டத்தில் 7 வகை ஊனங்களே இருந்தன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோஃபிலியா எல்லாம் அதில் வந்தன. நோயாளிகளும் பெற்றோர்களும் வெளியே வந்து பேசியதும் இதற்கு ஒரு காரணம். 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. பட்டியலில் உள்ள நோய்களுக்கு, அரசு குறித்துள்ள மையங்களில் சிகிச்சை பெற 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சில மருந்துகளின் விலைக்கு அது போதாது. ஆனால் மறைத்து வைத்த பிள்ளைக்கு அதுவும் கிடைக்காது.

எனவே மூன்று விஷயங்கள். பிள்ளை அடிக்கடி விழுந்தால், எழச் சிரமப்பட்டால், ஓதிப்பார்ப்பதோடு நிறுத்தாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். மனு எழுத நமது ஜமாஅத் அலுவலகம் உதவும். மூன்றாவது, பிள்ளையைப் பெற்ற தாயைப் பழிக்காதீர்கள். சகோதரிகளுக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் இருக்கின்றன. அவர்களை ஒதுக்குவது தீர்வல்ல.

அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். நம் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழும் ஒரு பிள்ளையைக் கண்டால், "என்ன ஆச்சு?" என்று உற்றுப் பார்க்காமல் ஸஃப்பில் இடம் விடுங்கள்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும், எங்களுக்கு இரக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.